மூன்று புள்ளி ஐந்து ஐந்து

பின்னச்சுக்குப் பல்சக்கரம் விற்கிறேன்.
வருகிறவர்கள் கொஞ்சம் பொய் சொல்வார்கள்.
பந்தயம் ஓட்டப் போகிறேன் என்பார்
பெட்ரோல் விலையை மூன்று தரம் கேட்டவர்.
நெடுஞ்சாலைதான் அதிகம் என்பார்
மளிகைக் கடை தாண்டாதவர்.
அவர்கள் போகாத சாலைகளுக்கெல்லாம்
பல் எண்ணிக் கொடுத்தே
எனக்கு நரைத்துவிட்டது.

மார்ச் மாதம். பியூட் நகரத்தில் இன்னும் பனி.
டானிட்சா ராடோனிச் வந்தாள்,
கவுன்ட்டியின் பனிவாரி லாரி ஓட்டுகிறவள்,
பூட்ஸில் உப்பும் சேறும்.
அறுபத்து நாலாம் வருடத்து டாட்ஜ் பொலாரா,
டாஷ்போர்டில் பொத்தான் அழுத்தினால் கியர் விழும் ஆட்டோமேட்டிக்.
"பிடுங்கிப் போடு.
கையில் ஒரு கம்பி வேண்டும் எனக்கு.
இடது காலும் சும்மாதானே கிடக்கிறது."

தரையை வெட்டணும் என்றேன்,
கிளட்ச், பெடல், பறக்கும் சக்கரம்,
செலவு ஏறும் என்றேன்.
"ம்."

அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கணக்குப் போட்டேன்.
இந்தத் தொழிலில் பெரிய எண்ணுக்குச் சின்ன வேகம்:
நாலு புள்ளி ஒன்று போட்டால்
சிக்னலில் ஆட்டுக்கடா மாதிரிப் பாயும்,
நெடுஞ்சாலையில் தொண்டை கிழியும்.
இரண்டே முக்கால் என்றால்
எஞ்சின் தூங்கிவழியும், மேட்டில் முனகும்.

அவள் கேட்டது வேறு.
"எழுபது மைல் வேகத்தில் எவ்வளவு சத்தம்?"
நாலு கியர் பெட்டி, பின்னால் நாலு புள்ளி ஒன்று:
நிமிடத்துக்கு மூவாயிரத்து எழுநூறு சுற்று.
"உள்ளே பேச முடியுமா?"
கத்தலாம்.
"அதையே போடு."

முப்பது வருடத்தில்
சத்தத்தைப் பார்த்து யாரும் பல்சக்கரம் வாங்கியதில்லை.
எங்கே போகிறாய் என்றேன்.
"டீர் லாட்ஜ்."
இந்த ஊரில் அதற்குமேல் யாரும் கேட்கமாட்டோம்.
சிறை அங்கே இருக்கிறது.
"நாற்பது மைல். போகும்போது நான் மட்டும்.
வரும்போது மிலோ."
பிறகு, ரசீதைப் பார்த்தபடி,
"பதினோரு வருஷம். ஒரு கடிதம்கூட எழுதவில்லை.
நான்தான் எழுதவில்லை."

மறுநாள் விடியுமுன் தொலைபேசி.
பின்னால் லாரி உறுமுகிறது.
"அஞ்சு கியர் இருக்கிறதே, அந்தப் பெட்டி.
அதோடு மூணு புள்ளி அஞ்சு அஞ்சு போட்டால்?"
இரண்டாயிரத்துச் சொச்சம்.
குசுகுசுத்தாலும் கேட்கும்.

வைப்பர் மூன்று முறை போய்வந்தது.

"யாரும் பேசாவிட்டால்?"
அதுவும் கேட்கும்.
"மேட்டில் இழுக்குமா?"
நாலாவதுக்கு இறக்கு, கொஞ்சம் கத்தும், இழுக்கும்.
"அப்படியானால் சத்தம் வேணுமென்றால்
இறக்கிக்கொள்ளலாம்."
ஆமாம் என்றேன்.

நடுவிலிருக்கும் பூசணிக்காயைக் கழற்றி
புதுச் சக்கரங்களைக் கோத்தேன்.
பல்லுக்கும் பல்லுக்கும் இடையே
அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு இடைவெளி.
நெருக்கினால் சூடேறும், விட்டால் ஊளையிடும்.
மஞ்சள் சாயம் தடவிச் சுற்றினேன்,
எங்கே தொடுகிறது என்று பார்க்க.
ஓரத்தில் தொட்டது.
தகடு மாற்றினேன். மறுபடி.
நாலாவது முறைதான் நடுவில் பதிந்தது.

டாஷ்போர்டுப் பொத்தான்களை எடுத்துவிடவா என்று கேட்டேன்.
இப்போது அவை எதோடும் சேரவில்லை.
"இருக்கட்டும். அவன் கை அங்கேதான் போகும்."

சாவியைக் கொடுக்கும்போது
எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன்.
புதுப் பல். முதல் இருபது மைல் மெதுவாகப் போ.
பாதி வழியில் ஓரம்கட்டி
அரைமணி ஆறவிடு.
கைவைத்துப் பார், சூடு தெரியும்.

"வரும்போதும் நிறுத்தணுமா?"

தேவையே இல்லை.
நிறுத்து என்றேன்.